பதில் கிணறு

மருமவளே, அழாத. இங்கன வந்து உக்காரு. இந்தக் கத்தரிக்காயை நறுக்கு, பூச்சி இருந்தா ஒதுக்கிப் போடு. ஊரே உக்காந்து சாப்பிடணும், அசனத்துக்கு உலை இப்பத்தான் ஏத்தியிருக்கு. வேதக்கோயில்ல நடந்ததுக்கு யாரும் உன்னைக் குத்தம் சொல்லல. மூணு தடவை எல்லாரும் தோத்திரம் சொன்னாக, நாலாவது தடவையும் சொல்லுவாகன்னு நெனச்சு நீ சத்தமாச் சொல்லிட்ட. வேற ஒருத்தரும் சொல்லல. எல்லாத் தலையும் திரும்பிச்சு. கல்யாணமாகி வந்து மொதத் தோத்திரப் பண்டிகை, உனக்கு எப்படித் தெரியும்? உன் புருசன் சொல்லியிருக்கணும். அவன் எங்க சொல்லுவான், அவனுக்கு செல்போன் பாக்கவே நேரம் பத்தல.

நான் உங்க கிறிஸ்து வேதக்காரன் இல்ல. சுடலைமாடன் கோயில் வீட்டுக்காரன், ஊரு முறைக்குத்தான் உனக்கு மாமன். ஆனாலும் இந்தக் கதையை இந்த ஊருல நான்தான் சொல்லணும்னு வழக்கம். எனக்கு முன்னால எங்க ஐயா சொன்னாக. அவுகளுக்கு முன்னால எங்க தாத்தா சொன்னாக. காதைக் குடு, கை பாட்டுக்கு நறுக்கட்டும்.

வெள்ளைக்காரனுக்கு வரி கட்டுன காலத்துல, இந்தத் தேரிச் செம்மணலுக்கு நடுவுல, செங்காட்டுவிளைன்னு ஒரு ஊரு. இதே ஊருதான். அன்னைக்குக் கொஞ்சம் ஓலைக் குடிசை, ஒரு ஓலைக் கோயிலு, சுத்திலும் பனை. தண்ணி மட்டும் கிடையாது. பொம்பளைக விடியுமுன்னப் பானையைத் தூக்கிட்டுப் போனா, வெயிலு உச்சிக்கு ஏற வீடு திரும்புவாகளாம். வர்ற வழியிலயே பாதித் தண்ணி தளும்பிப் போயிருக்குமாம்.

அந்த ஊருல மாசிலாமணின்னு ஒருத்தர் இருந்தாரு. மொத பேரு மாடசாமி. வேதத்துல சேந்தப்பறம் மாசிலாமணி ஆனாரு. பனையேறுறவரு. பனை பதனீ குடுக்காத மாசத்துல கெணறு வெட்டப் போவாரு. அவரு பொண்டாட்டி பேரு ஞானப்பூ. வேதத்துல சேந்த வருசமே சொந்தக்காரங்க கொள்வினை குடுப்பினை எல்லாம் நிறுத்திட்டாக. அடுத்த வருசம் பேதி வந்துச்சு. அவுகளுக்கு ரெண்டு பிள்ளைக. ரெண்டும் ஒரே வாரத்துல போயிருச்சு. அதுக்கடுத்த வருசம் மழை இல்ல, பாளை வரல, குடிசையில நெருப்புப் பிடிச்சுது. ஒரு மனுசனுக்கு இவ்வளவும் வந்தா எப்படி இருக்கும், நீயே சொல்லு.

ஆனா அந்த ஆளு தோத்திரம் சொல்லுறதை விடல. காலையில எந்திரிச்சாத் தோத்திரம். கஞ்சி கிடைச்சாத் தோத்திரம். கிடைக்காட்டாலும் தோத்திரம். ஊருல அவருக்குத் தோத்திரக்காரன்னே பேரு வச்சிட்டாக. சின்னப் பிள்ளைக பின்னாலயே போயி தோத்திரம் தோத்திரம்னு கேலி பண்ணுமாம். அவரு திரும்பிப் பாத்து, அதுகளுக்கும் ஒரு தோத்திரம் சொல்லுவாராம்.

அவருகூடக் கெணறு வெட்டுனவரு சுடலைமுத்து. மாசிலாமணிக்கு மாமன் மகன். அவருதான் எங்க பூட்டன். சொந்தமெல்லாம் ஒதுங்குனப்பவும் இவரு ஒருத்தரு ஒதுங்கல. பாசம்னு நெனைக்காத, அவரை விட்டா இவருக்கு வேலைக்கு ஆளு கிடையாது. எங்க பூட்டனுக்கு இந்தத் தோத்திரத்தைக் கண்டாலே ஆகாதாம். எங்க வீட்டு ஆளுகளுக்குக் கோவம் மூக்கு நுனியிலதான், இப்பவும்.

ஒருநாள் கேட்டேபுட்டாராம். "ஏத்தான், ரெண்டு பிள்ளையையும் மண்ணுக்குள்ள வச்சிட்டு வந்து தோத்திரம்னு சொல்லுதியே, உனக்கு நெஞ்சு இருக்கா இல்லையா?"

மாசிலாமணி மண்வெட்டியைக் கீழ வச்சிட்டுச் சொன்னாராம். "அழுதாச்சு மாப்ள. ராத்திரி பூரா அழுதாச்சு. அழுதப்பறமும் வாய் இருக்குல்லா. அதை வச்சு ஆண்டவரைத் திட்டவும் முடியும். திட்டியும் பாத்தேன். திட்டுனா வீட்டுல நானும் ஞானப்பூவும் மட்டுந்தான் இருக்கோம். தோத்திரம் சொன்னா, பிள்ளைகளை வச்சிருக்கவரு ஒருத்தரு கூட இருக்காரு."

எங்க பூட்டன் வெத்தலையைத் துப்பிட்டு வேலையைப் பாத்தாராம்.

இப்ப ஒரு விசயம் கவனிக்கணும். தேரியில கெணறு வெட்டுறது மத்த ஊரு மாதிரி இல்ல. மண்ணு நிக்காது. வெட்ட வெட்டச் சரியும். அதனால பனையைப் பொளந்து கட்டையை வரிசையா முட்டுக்குடுத்துக்கிட்டே கீழ போகணும். கீழ ரெண்டு பேரு வெட்டி, பனையோலைக் கடகத்துல மண்ணை அள்ளிக் கயித்துல மாட்டுவாக. மேல ரெண்டு பேரு இழுப்பாக. கீழ இருக்கவன் ஒதுங்கிட்டானா இல்லையான்னு மேல இருக்கவனுக்குத் தெரியாது, பாத்தா இருட்டு. அதனால மேல இருந்து ஒரு குரல் கூப்பிடணும். கீழ இருந்து பதில் வரணும். பதில் வந்தாத்தான் கயித்தைத் தொடணும். மத்த ஊருல ஏலேலோன்னு ஏதாவது பாடுவாக. மாசிலாமணி சும்மா இருப்பாரா? அதுக்கும் தோத்திரப் பாட்டு ஒண்ணு கட்டிட்டாரு.

"மண்ணைப் படைச்சவருக்கு"ன்னு மேல இருந்து. "தோத்திரம்"னு கீழ இருந்து.

"மழையைத் தாரவருக்கு." "தோத்திரம்."

"கயித்தைப் பிடிச்சவருக்கு." "தோத்திரம்."

"மூச்சைக் குடுத்தவருக்கு." "தோத்திரம்."

நாலு கடகத்துக்குப் பாட்டுல நாலு அடி. அப்பறம் மொதல்ல இருந்து. மேல கயித்தைப் பிடிச்சது ஞானப்பூவும் எங்க பூட்டி இசக்கியும். இசக்கிக்கு அப்பத்தான் கல்யாணமாகி ஆறேழு மாசம். உன்னை மாதிரிப் புதுப்பொண்ணு. ஞானப்பூதான் கூப்பிடுவா. இசக்கி வாயத் திறக்க மாட்டா, மாடன் கோவிச்சுக்குவாருன்னு பயம்.

ஆரம்பத்துல ஒருநாள் ஞானப்பூ கூப்பிட்டா. பதில் வரக் கொஞ்சம் சுணங்கிச்சு. பொறுமை இல்லாம இழுத்துட்டா. கடகம் ஆடி மாசிலாமணி நெத்தியில அடிச்சு, ரத்தம். மேல வந்து அவரு கோவிக்கல. இப்படிச் சொன்னாராம்.

"கீழ இருக்கவன் வாயில மண்ணு இருக்கும் புள்ள. துப்பிட்டுத்தான் பதில் சொல்லணும். பதில் வரலைன்னா ஆளு இல்லைன்னு அர்த்தமில்ல. கூப்பிட்டாப் பொறுத்து இருக்கணும்."

அந்தச் சொல்லை மறந்துராத. கதை அதுலதான் நிக்கு.

ஊருக்குக் கெணறு வேணும்னு தலைவரு பொன்னையா சொல்லி, இதோ இப்ப நம்ம தண்ணி மோக்குற இதே எடத்துலதான் வெட்டுனாக. ஒரு பனை ஆழம் போயாச்சு. அடிமண்ணுல ஈரம் தெரிஞ்சுது. மாசிலாமணி ஈர மண்ணை ஒரு உருண்டை பிடிச்சு மேல அனுப்புனாராம். பொம்பளைக அதை வாங்கிக் கன்னத்துல வச்சுப் பாத்தாகளாம்.

மறுநாக் காலையில, ஞானப்பூ, "மழையைத் தாரவருக்கு"ன்னு கூப்பிட்டா. தோத்திரம்னு வந்துச்சு. இழுத்தாக. கடகம் பாதி வந்திருக்கும். மேக்குப் பக்கத்துக் கட்டை ஒண்ணு முனகுச்சாம். அவ்வளவுதான். இடி விழல, ஒண்ணும் விழல. மூடையில இருந்து சோளம் சரியுற மாதிரி மண்ணு சரிஞ்சுது. ஒரு பனை ஆழத்துக் குழி, பாத்துக்கிட்டு இருக்கும்போதே தூந்து போச்சு.

ஊரு ஓடி வந்துச்சு. வேதக்காரங்க வந்தாக, மாடன் கோயில் ஆளுக வந்தாக, பனையில இருந்தவங்க இறங்கி வந்தாக. இசக்கி தலையில அடிச்சுக்கிட்டு அழுதா. ஞானப்பூ அழலயாம். கயிறு இன்னும் கையில இருந்துச்சாம். மண்ணுல குப்புறப் படுத்து, கட்டைக சிக்கிக் கிடந்த ஒரு இடுக்குல வாயை வச்சு, விட்ட எடத்துல இருந்து கூப்பிட்டா.

"கயித்தைப் பிடிச்சவருக்கு."

ஒண்ணும் இல்ல. ஊரு மூச்சைப் பிடிச்சு நின்னுச்சு. ஒண்ணும் இல்ல. அப்பறம், எங்கேயோ பாதாளத்துல இருந்து வர்ற மாதிரி, "தோத்திரம்."

அந்த ஒரு குரலை வச்சு ஊரு வெட்ட ஆரம்பிச்சுது. நேரா வெட்ட முடியாது, உள்ள இருக்கவுக மேல மண்ணு எறங்கும். சுத்திலும் அகலமா, குளம் வெட்டுற மாதிரி வெட்டணும். ஒரு கடகம் அள்ளுனா ரெண்டு கடகம் சரிஞ்சு வரும். பகல் பூரா வெட்டுனாக. ஞானப்பூ கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. ஒவ்வொரு தடவையும் பதில் வந்துச்சு. நடுவுல கீழ இருந்து வேற என்னமோ பேச்சு வந்துச்சாம், ஒண்ணும் புரியல. பாட்டுன்னா பழகுன சொல்லு, தெரியும். பேச்சை மண்ணு தின்னுரும்.

வந்தது மாசிலாமணி குரலு மட்டும். சுடலைமுத்து குரலு ஒரு தடவைகூட வரல. வராட்டா ஆளு இல்லைன்னுதான் நெனப்பாக? அப்படித்தான் நெனச்சாக. எங்க பூட்டி சாயந்தரமே தாலியக் கழட்டி மடியில கட்டிட்டாளாம். ஞானப்பூவைப் பாத்து, "ஒஞ் சாமி எம் புருசனைத் தின்னுட்டு ஒம் புருசனை வச்சிக்கிட்டாரு. நீ பாடு அக்கா, நல்லாப் பாடு"ன்னு சொன்னாளாம். ஞானப்பூவுக்கு அது எப்படி இருந்திருக்கும்? கூப்பிட வேண்டிய நேரம் வந்துச்சு, கூப்பிட்டா.

மறுநாளு குரலு தேஞ்சுது. உச்சி வெயிலுல, "மூச்சைக் குடுத்தவருக்கு"ன்னு கூப்பிட்டா. பதில் இல்ல. பொறுத்திருந்தா. பதில் இல்ல. மறுபடி கூப்பிட்டா. மறுபடியும் இல்ல.

அந்த நேரத்துல கிழக்குக் கரை சரிஞ்சு, வெட்டிக்கிட்டிருந்த ஒருத்தனை நெஞ்சு வரைக்கும் மூடிருச்சு. தோண்டி எடுத்தாக. பொன்னையா கடகத்தைக் கீழ போடச் சொல்லிட்டாரு. அவரைத் தப்பாச் சொல்லக்கூடாது. கெட்ட மனுசன் இல்ல. கண்ணு கலங்கித்தான் சொன்னாராம்.

"போதும் தாயி. ரெண்டு பேரும் போயிட்டாக. மிச்சம் இருக்கவனையும் இதுக்குள்ள அனுப்பச் சொல்லுதியா? இதை மூடிருவோம். இதுவே அவுகளுக்குக் கல்லறையா இருக்கட்டும்."

கோயில்ல இருந்து உபதேசியார் அடக்க ஜெபப் புத்தகத்தோட வந்துட்டாரு. இசக்கியப் பெத்தவளும் வந்து, மகளைக் கையப் பிடிச்சு எழுப்புறா.

ஞானப்பூ எந்திரிச்சு உபதேசியார் புத்தகத்தை மூடி, அவரு கையிலயே குடுத்தாளாம். "மூடாதிய. வாயில மண்ணு இருக்கும். துப்பிட்டுத்தான் பதில் சொல்லணும். நான் பொறுத்து இருக்கேன்."

பொன்னையா, "பதில் வந்து எவ்வளவு நேரமாச்சு தாயி?"ன்னாரு.

"வரலைன்னா ஆளு இல்லைன்னு அர்த்தமில்லைன்னு அவுக சொல்லியிருக்காக."

புத்தி பேதலிச்சுப் போச்சுன்னு எல்லாரும் நெனச்சாக. அவ கடகத்தை எடுத்தா. குழிக்குள்ள எறங்குனா. "மண்ணைப் படைச்சவருக்கு"ன்னு கூப்பிட்டா. பதிலுக்கு எவ்வளவு நேரம் விடணுமோ அவ்வளவு நேரம் சும்மா நின்னா. அப்பறம் ஒரு கடகம் அள்ளி மேல கொண்டு வந்து கொட்டுனா. மறுபடி எறங்குனா. "மழையைத் தாரவருக்கு"ன்னா. சும்மா நின்னா. அள்ளுனா. ஊரு பாத்துக்கிட்டே நின்னுச்சு. ஒத்தைப் பொம்பளை, ஒரு குளத்து மண்ணு.

மொதல்ல எறங்குனது யாரு தெரியுமா? திட்டுன இசக்கி. பெத்தவ கையை உதறிட்டு எறங்கிட்டா. ஏன் எறங்குனன்னு பின்னால கேட்டப்ப, "எனக்கு நம்பிக்கையெல்லாம் ஒண்ணும் இல்ல. அவ கூப்பிட்டுட்டுச் சும்மா நிக்கிறதைப் பாக்க முடியல"ன்னு சொன்னாளாம். அவளுக்குப் பின்னால ஒருத்தன் எறங்குனான். அப்பறம் ஒவ்வொருத்தரா எறங்கிட்டாக. கடைசியாப் பொன்னையாவும் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு எறங்கிட்டாரு. அவ கூப்பிட்டு நிக்கும்போது எல்லாரும் நிப்பாக. அவ அள்ளும்போது எல்லாரும் அள்ளுவாக. ஒரு தடவையும் பதில் வரல.

பொழுது சாயுற நேரத்துல கட்டைகளை எட்டிட்டாக. மேல கிடந்த கட்டையைத் தூக்குனா, அடியில ஒரு பொந்து. கைய உள்ள விட்டான் ஒருத்தன். உள்ள இருந்து ஒரு கை அவன் கையப் பிடிச்சுது.

அது எங்க பூட்டன் சுடலைமுத்து கை.

நெஞ்சு மேல கட்டை கிடந்துச்சு, அதான் பக்கத்துல முணுமுணுக்க முடிஞ்சுதே தவிர குரலு மேல வரல. மாசிலாமணி பக்கத்துலயே கிடந்தாரு. இடுப்புக்குக் கீழ மண்ணு. உடம்பு சில்லுன்னு இருந்துச்சு. ஞானப்பூ அவரு கண்ணுல இருந்த ஈர மண்ணைத் தொடச்சுவிட்டா. நெத்தியில அந்தப் பழைய தழும்பைத் தடவுனா. அப்பத்தான் அழுதாளாம். அவ அழுத சத்தத்தை இன்னொரு தடவை கேக்கக் கூடாதுன்னு எங்க பூட்டி சாகுற வரைக்கும் சொல்லிட்டே இருந்தாளாம்.

தண்ணி குடிச்சு, பேச்சு வந்ததும், எங்க பூட்டன் ஞானப்பூவைக் கூப்பிட்டுச் சொன்னாரு. நல்லாக் கேளு, இதுதான் கதை.

"அக்கா, நீ கூப்பிட்ட ஒரு தடவைகூட அத்தான் பதில் சொல்லாம விடல. நீ கூப்பிடாத நேரம் அழுதாக. சின்னப் பிள்ளை மாதிரி அழுதாக, வலி தாங்காம. பிள்ளைக பேரைச் சொல்லி அழுதாக. உன் குரலு வந்தா அழுகையை நிப்பாட்டிட்டுத் தோத்திரம்பாக. எனக்குக் கோவம் வந்துச்சு. இப்பவுமா அத்தான் தோத்திரம்னேன். 'மாப்ள, இந்த இருட்டுல எனக்கு வேற ஒண்ணும் தெரியல. இதைச் சொன்னா அவரு இருக்காருன்னு தெரியுது. மேல அவ இருக்கான்னும் தெரியுது. நீ இருக்கன்னு மேல சொல்லிப் பாத்தேன், அவுகளுக்குப் புரியல. நான் பதில் சொல்லுற வரைக்கும் வெட்டுவாக. உன்னையும் எடுப்பாக'ன்னாக. அப்பறம் குரலு போயிருச்சு. எங் கை ஒண்ணு அவுக முகத்துக்கிட்ட இருந்துச்சு. நீ கூப்பிட்டா, எங் கையில உதடு அசையும். சத்தம் இல்ல, உதடு மட்டும். அப்பறம் உதடும் நின்னுருச்சு. நீ கூப்பிட்டா, சூடா ஒரு மூச்சு எங் கையில படும். கூப்பிடாட்டா அதுகூடத் தெரியாது. குரலு போயி ரொம்ப நேரங்கழிச்சு, கடைசியா மூச்சைக் குடுத்தவருக்குன்னு கூப்பிட்ட பாரு, அது வரைக்கும் பட்டுச்சு. அதுக்கப்பறம் படல. உங்களுக்குத்தான் கேக்கல அக்கா. அவுக சொல்லிட்டுத்தான் போனாக."

ஞானப்பூ அவரு கையை ரெண்டு கையாலும் பிடிச்சு, உள்ளங்கையைப் பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் இருந்தாளாம்.

அடுத்த கோடையில கெணத்தை முடிச்சாக. எங்க பூட்டன்தான் கீழ எறங்கி வெட்டுனாரு, நெஞ்சுவலியோட. தண்ணி வந்துச்சு. இனிப்புத் தண்ணி. அதுல இருந்து ஊருக்கெல்லாம் இறைச்சுக் குடுத்தது ஞானப்பூதான். அவ ஒரு வாய் குடிக்கலன்னு சொல்லுவாக. சாகுற வரைக்கும் குடிக்கல. அதைத் தப்புன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்குப் போவேன். தோத்திரம் சொல்லுறவளுக்கு வயித்தெரிச்சல் இருக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல.

அந்த வருசத் தோத்திரப் பண்டிகையில, உபதேசியாரு மாசிலாமணி பாட்டைப் பாடச் சொன்னாரு. ஞானப்பூ எந்திரிச்சுக் கூப்பிட்டா. மண்ணைப் படைச்சவருக்கு. கோயிலே தோத்திரம்னு சொல்லிச்சு. மழையைத் தாரவருக்கு. தோத்திரம். கயித்தைப் பிடிச்சவருக்கு. தோத்திரம். மூச்சைக் குடுத்தவருக்குன்னு கூப்பிட்டா. எல்லாரும் வாயத் திறக்குமுன்ன, கையைத் தூக்கி நிறுத்திட்டா. யாரும் சொல்லல. பதிலுக்கு எவ்வளவு நேரம் விடணுமோ அவ்வளவு நேரம் நின்னா. அப்பறம் ஆமென்னு சொல்லிட்டு உக்காந்துட்டா.

அதுல இருந்து இந்த ஊருல அந்த நாலாவது பதிலை யாரும் சொல்லுறதில்ல. கெணத்துக்கும் பதில் கெணறுன்னே பேரு. நீ தோத்திரம் சொன்னது தப்பில்ல மருமவளே. ஆனா அந்த எடம் இன்னொருத்தருது.

எங்க வீட்டு ஆளுக வேதத்துல சேரல. மாடனுக்குக் கெடா வெட்டுறதையும் நிறுத்தல. ஆனா அந்த வருசம் எங்க பூட்டன் கோயில் சன்னலுக்கு வெளிய வந்து நின்னாரு. அவருக்கப்பறம் எங்க தாத்தா நின்னாக, அப்பறம் எங்க ஐயா நின்னாக, இப்ப நான் நிக்கேன். காலையில நீ திரும்பிப் பாத்தப்ப, ஒரு கிழவன் வெளிய நின்னு உள்ளங்கையை நீட்டிக்கிட்டு இருந்தானே, பிச்சை கேக்கான்னு நெனச்சிருப்ப. அது நான்தான்.

அந்த நாலாவது பதிலுக்கு எல்லாரும் சும்மா இருக்கும்போது, நாங்க கையை நீட்டி வச்சிருப்போம், எங்க பூட்டன் அந்த இருட்டுல வச்சிருந்த மாதிரி. ஏதாவது படும். தேரிக்காத்துதான். காத்துன்னு எனக்குத் தெரியாதா? ஆனா காத்துதானேன்னு கையை எடுத்தவன் எங்க வீட்டுல இதுவரைக்கும் ஒருத்தனும் கிடையாது.